ஓடு மெலியாத முட்டை

ஊரின் பெயரை மாற்றியிருக்கிறேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மன்னார் வளைகுடாப் பக்கம் போய்ச் சிப்பிமுனை எங்கே இருக்கிறது என்று யாரும் தேட வேண்டாம். ஏன் மாற்றினேன் என்பது படித்து முடித்தால் புரியும். ஆலையின் பெயரை மட்டும் மாற்றவில்லை, எழுதவே இல்லை. அதை எழுதினால் என் பேனாவைக் கழுவி வைக்க வேண்டியிருக்கும்.

என் பெயர் ஆவுடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தேழு. வேலை, கடற்கழுகுப் பதிவாளர். அப்படியும் ஒரு அரசு வேலை இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை உண்டாக்கியதே நான்தான். அந்தக் கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வருடங்களுக்கு முன் சிப்பிமுனைக் கடற்கரையில் பதினான்கு கடற்கழுகுக் கூடுகள் இருந்தன. பால் வெள்ளையில் வயிறு, சாம்பல் நிறச் சிறகு, விரித்தால் ஆள் உயரத்துக்கும் மேலே. ஒருமுறை சேர்ந்த ஜோடி பெரும்பாலும் பிரிவதில்லை. ஒரே கூட்டுக்கு வருடா வருடம் புதுச் சுள்ளி கொண்டுவந்து அடுக்கும். இரண்டு முட்டை, நாற்பது நாள் அடைகாப்பு, அதன் பிறகு எழுபது நாளில் குஞ்சு பறந்துவிடும். இது ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது, ஆலை வரும் வரை. ஆலை வந்து ஆறாவது வருடம், அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடை தாங்காமல் முட்டைகள் நொறுங்க ஆரம்பித்தன. கூட்டுக்குக் கூடு மஞ்சள் கரு வழிந்து காய்ந்து கிடந்தது. தொடர்ந்து மூன்று வருடம் ஒரு குஞ்சுகூடப் பறக்கவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆலை கடலில் விடும் கழிவில் ஒரு நஞ்சு இருந்தது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் போய்த் தங்கும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, பெரிய மீனைக் கழுகு தின்ன, படிக்குப் படி நஞ்சு கூடும். கடைசிப் படியில் இருப்பவர் எவரோ அவருக்குத்தான் முழுப் பங்கு. நஞ்சு ஏறிய கழுகின் உடம்பில் முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு போய்ச் சேராது. ஓடு மெலிந்துவிடும்.

காரணம் தெரிந்து என்ன செய்ய? ஆய்வாளர் தண்ணீர் எடுக்க வரும் தேதி ஆலைக்கு முந்தின வாரமே தெரிந்துவிடும். அன்றைக்குக் குழாய் பன்னீர் விடும். மறுநாள் பழைய குருடி கதவைத் திறக்கும் கதைதான். அப்போது நான் இளரத்தம். சென்னையில் நிபுணர் குழுக் கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கத்தினேன்: "தண்ணீரை நம்பாதீங்க, ஆய்வாளரை நம்பாதீங்க. கழுகைக் கேளுங்க. பறவைக்கு லஞ்சம் கொடுக்க முடியாது!"

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான் தலைப்பு. கொஞ்ச நாளில் அதுவே விதியும் ஆனது. ஆலையைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் பாதிக் கூடுகளிலாவது குஞ்சு பறக்க வேண்டும். பறந்தால் கடல் சுத்தம், உரிமம் உண்டு. பறக்காவிட்டால் ஆலைக்குப் பூட்டு. பறந்ததா இல்லையா என்று சொல்ல ஒரு பதிவாளர். அவர் சொல்லே முடிவு, வேறு எந்தச் சோதனை அறிக்கையும் செல்லாது. ஆலை தன் பணத்தில் பொய் அறிக்கை வாங்கிவரும் என்று பயந்து அந்தக் கடைசி வரியையும் நானே எழுதிச் சேர்த்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

ஆலை இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது. பிறகு திருந்திவிட்டதாகச் சொன்னார்கள். புதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ரிப்பன் வெட்டினார்கள். பக்கத்திலேயே ஆலைச் செலவில் கழுகு இனப்பெருக்க மையம் ஒன்றும் கட்டினார்கள். பழைய ஜோடிகள் ஒவ்வொன்றாய் மறைந்துபோன கடற்கரையில், அங்கே வளர்த்த பதினோரு ஜோடிகளை விட்டார்கள். அத்தனைக்கும் காலில் வளையம் மாட்டியது இந்தக் கைதான். பறவைகள் கூடு கட்டின, முட்டை இட்டன, குஞ்சு பறந்தது. வருடா வருடம் "கூடுகள் நலம்" என்று கையெழுத்துப் போட்டேன். பெருமையோடு போட்டேன், அதையும் மறைக்கவில்லை.

இந்த வருடம் பிப்ரவரியில், கைவிடப்பட்ட ஒரு பழைய செல்போன் கோபுரத்தின் உச்சியில் இருந்த கூட்டைப் பார்க்க ஏறினேன். குஞ்சு பறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கூட்டில் மீன் முள்ளுக்கும் கடற்பாம்பின் எலும்புக்கும் நடுவே ஒரு கூமுட்டை கிடந்தது. பொரிக்காத முட்டை கிடைப்பது எங்கள் தொழிலில் அதிர்ஷ்டம். உயிருள்ள முட்டையைத் தொடக்கூடாது, செத்ததை அறுத்துப் பார்க்கலாம். துணியில் சுற்றி இறக்கி, திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருக்கும் என் சிநேகிதிக்கு அனுப்பினேன்.

நான்காம் நாள் அவள் போன் செய்தாள்.

"ஆவுடை, இந்த முட்டை எந்த வருஷத்துது?"

"இந்த வருஷத்துதுதான். ஏன்?"

"உள்ள இருக்கிற நஞ்சு, அந்தக் காலத்துல ஓடு நொறுங்கிச்சே, அதைவிட நாலு மடங்கு. ஆனா ஓடு கல்லு மாதிரி இருக்கு. ரெண்டு தடவை அளந்துட்டேன். இப்படி ஒரு முட்டை இருக்கவே முடியாது."

போனை வைத்தேன். கடல் நான்கு மடங்கு கெட்டிருக்கிறது. கழுகு மட்டும் கெடவில்லை. அப்படியானால் கெடாதபடி யாரோ கழுகைச் செய்திருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க எனக்குத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை.

இனப்பெருக்க மையத்தின் தலைவர் நமச்சிவாயம் என்னோடு பாளையங்கோட்டையில் ஒரே வகுப்பில் படித்தவன். ரெக்கார்டு நோட்டில் அவன் வரைந்த தவளையைப் பார்த்துத்தான் நான் வரைவேன். மறுநாள் காலை அவன் அறைக்குப் போய் ஆய்வகத் தாளை மேசையில் போட்டேன். படித்தான். மறுக்கவில்லை. காபி சொல்லிவிட்டு, பாடம் நடத்துகிறவன் போல ஆரம்பித்தான்.

"முட்டை ஓடு செய்யற சுரப்பியில ஒரு நொதி இருக்கு. அதுதான் சுண்ணாம்பைத் தள்ளிவிடற பம்பு. இந்த நஞ்சு அந்தப் பம்பைப் பூட்டிடுது. நான் பூட்டு பொருந்தாத மாதிரி பம்பை லேசா மாத்தினேன். மரபணுவுல மூணே எழுத்து. அவ்வளவுதான் ஆவுடை."

"கடலைச் சுத்தம் பண்ணுங்கன்னு சொன்னா, கழுகை மாத்தியிருக்கே."

"கடல் என் கையில இல்ல. கழுகு இருந்துச்சு. இனமே அழியப்போகுதுன்னு கமிட்டியில அழுதவ நீ. இன்னைக்குப் பதினோரு ஜோடி பறக்குது. சந்தோஷப்பட வேண்டியவ வந்து சண்டை போடற."

"அது தின்கிற மீனைத்தானேடா இந்த ஊரும் தின்னுது! வீட்டுக்கு வீடு ஆறாம் மாசத்துல கரு கலையுது. சுகாதார நிலையத்துல கேட்டா ரத்தசோகைன்னு எழுதறாங்க. கடல்ல கோளாறு இருக்கான்னு டாக்டர்கிட்ட கேட்டா, கழுகம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்களே, கடல் சுத்தம்னு சொல்றார். என் கையெழுத்தைக் காட்டி ஏமாத்தறீங்க!"

அவன் காபியை ஒரு மிடறு குடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "மார்ச் பதினெட்டாந்தேதி கருத்துக் கேட்புக் கூட்டம். பத்து வருஷ உரிமம். அங்க நீ என்ன வேணாலும் சொல்லலாம், உன்னைத் தடுக்க முடியாது. ஆனா மாற்றுயிர்ச் சட்டத்தை ஒரு தடவை படிச்சிட்டு வா. அனுமதியில்லாம மரபணு மாத்தின எந்த உயிரினமும், அதன் முட்டையும், அதன் கருவும் முப்பது நாளுக்குள்ள அழிக்கப்படணும். விதிவிலக்கு கிடையாது. நீ வாயைத் திறந்தா உன் கழுகு ஒண்ணுகூட மிஞ்சாது."

"அனுமதியில்லாம மாத்தினவனுக்கு என்ன?"

"எனக்கு அபராதம். கட்டிடுவாங்க."

அந்தச் சட்டத்தை எனக்கு நன்றாகவே தெரியும். மூன்று வருடங்களுக்கு முன் தெற்கே ஓர் இறால் பண்ணையில் மாற்றிய இறால் இருப்பதாகத் தெரிந்தது. அதிகாரிகள் வந்து அந்தக் குளத்தில் மருந்து ஊற்றினார்கள். பக்கத்துக் குளங்களிலும் ஊற்றினார்கள். தங்களுடையது நாட்டு இறால் என்று ஒரு பெண் காலில் விழுந்து கதறினாள். சட்டத்தில் சந்தேகத்தின் பலன் இறாலுக்கு இல்லை என்று ஒரு அதிகாரி தாளைக் காட்டினார். எழுதியிருப்பதை அப்படியே செய்கிறவர்களை முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அயோக்கியர்களைவிட அவர்களிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

இரண்டு நாள் கடற்கரையிலேயே கிடந்தேன். விடிந்ததும் ஜோடிகள் மாற்றி மாற்றிக் குரல் கொடுக்கும். வாத்து கத்துவதுபோல இருக்கும், அழகெல்லாம் கிடையாது. ஆனால் எந்தக் குரல் எந்த ஜோடியுடையது என்று எனக்குத் தெரியும். அவை என்ன தப்பு செய்தன? அவற்றைப் பொய்சாட்சி ஆக்கியவன் குளிர் அறையில் காபி குடிக்கிறான். தண்டனை மட்டும் அவற்றுக்கு. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். கழுகா பிள்ளைகளா என்று கேட்டால் பிள்ளைகள்தான். கூட்டத்தில் உள்ளதைச் சொல்லிவிடுவது.

நான் குடியிருந்தது ஜெனோவா வீட்டின் பின்கட்டில். ஜெனோவா மீன் விற்கிறவள். கரையில் ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, நான்கு ஊர் சுற்றிவிட்டு வருவாள். வாய் பெரிசு, மனசு அதைவிடப் பெரிசு. என்னைக் கழுகம்மா என்று முதலில் கூப்பிட்டதே அவள்தான். அவள் மகன் லேம்பர்ட் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவன், மாதத்தில் பாதி நாள் கடலில். மருமகள் சலேத். இருபத்தாறு வயது. இரண்டு பிள்ளைகள் ஆறாம் மாதத்தில் போய்விட்டன. இது மூன்றாவது, எட்டு மாதம். வீட்டில் யாரும் இன்னும் சத்தமாகச் சிரிக்கக்கூட இல்லை. சிரித்தால் எதுவும் ஆகிவிடுமோ என்று பயம்.

பதினேழாம் தேதி மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தபோது ஜெனோவாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை, நஞ்சு, மாற்றிய கழுகு, அழிக்கச் சொல்லும் சட்டம், இறால் குளம். குழம்பை என் இலையில் ஊற்றப்போன கை அப்படியே நின்றது.

"அப்ப நாங்க ரெண்டு பிள்ளையப் புதைச்சது அவனுவ விட்ட தண்ணியாலதானா?"

"ஆமா ஜெனோவா."

"கழுகுக்கு மருந்து கண்டுபிடிச்சவனுக்கு, குழாயை அடைக்கத் தெரியலயாக்கும்!" அவள் குழம்புச் சட்டியை நங்கென்று வைத்தாள். "வயித்துல இருக்க பிள்ளைய கொல்லுதானுவ, கேட்டா கழுகைக் காட்டுதானுவ. எந்தக் கோயில்ல போயி மண்ண வாரித் தூத்த? நீங்க நாளைக்கு இதைச் சொல்லுவீயளா மேடம்? கலெக்டர் முன்னால?"

"சொல்லுவேன்."

"பயந்துர மாட்டீயளே?"

"உன் பேரப்பிள்ளை மேல சத்தியமா சொல்றேன்."

அடுப்படியில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. சலேத் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நிற்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "நீ போயிப் படுளா, இதையெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காத" என்று ஜெனோவா அதட்டினாள்.

மறுநாள் காலை ஜெனோவா ஆட்களைத் திரட்ட முன்கூட்டியே கிளம்பிப் போய்விட்டாள். நான் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது சலேத் வந்து கதவைச் சாத்தினாள். மூச்சு வாங்கியது. இடுப்பிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"அத்தைக்குத் தெரியாது மேடம். அவருக்கும் தெரியாது."

தாய்சேய் நல முகாம் என்று தலைப்பு. நாலாம் மாதத்தில் போட்ட மூன்று ஊசிகளின் தேதி. கீழே ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தை ரெக்கார்டு நோட்டுக் காலத்திலிருந்து பார்த்து வருகிறேன்.

"ஆலையிலேர்ந்து வந்து போட்டாவ. பிள்ளை தங்காத பொம்பளையளா பாத்துக் கூப்பிட்டாவ. யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிக்கிட்டாவ. அத்தைக்கு அந்த ஆலை பேரக் கேட்டாலே ஆகாது. அங்க போட்ட ஊசின்னு தெரிஞ்சா என்னைய வீட்டுலயே சேக்க மாட்டாவ. அதனால மறைச்சேன். ஆனா மேடம்..." அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "ஆறாம் மாசம் தாண்டிருச்சு. ஏழும் தாண்டிருச்சு. ராப்பகலா உதைக்கி. முந்தி ரெண்டும் இப்படி உதைச்சதே இல்ல."

ஊசித் தேதிகளை மறுபடி படித்தேன்.

"நேத்து சொன்னீயளே, கழுகுக்கு என்னமோ பூட்டு பொருந்தாம மாத்துனாவன்னு. எனக்கும் அந்த டாக்டர் அப்படியேதான் சொன்னாவ. விஷம் பிள்ளையப் பிடிக்காம ஒரு பூட்டுன்னு. பிள்ளைக்கும் சேந்து மாறிரும்னு. அப்ப ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"ஒண்ணுதான்" என்றேன்.

"அந்தச் சட்டத்துல முட்டையும் கருவும்னு சொன்னீயளே. நீங்க இன்னைக்குப் பேசுனா நாளைக்கு மையத்துல இருக்க பேப்பரையெல்லாம் எடுப்பாவ. எம்பேரும் அதுல இருக்கும். எம்பிள்ளைய என்னன்னு எழுதுவாவ?"

"சட்டம் பயிருக்கும் மீனுக்கும் போட்டதும்மா. மனுஷருக்கு இல்ல."

"மனுஷருக்கு இல்லன்னு அதுல எழுதியிருக்கா?"

எழுதவில்லை. எந்த உயிரினமும் என்றுதான் எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் மனிதருக்கு யாராவது இப்படிச் செய்வார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. நீதிமன்றம் போனால் நியாயம் கிடைக்கும்தான். எப்போது? முப்பது நாளுக்குள்ளா? எட்டு மாத வயிற்றோடு இவளை எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் காவலில் வைத்திருப்பார்கள்? தாளைக் காட்டும் அந்த அதிகாரியின் முகம் என் கண் முன்னால் வந்து நின்றது.

"எத்தனை பேருக்குப் போட்டாங்க?"

"எங்க தெருவுல மட்டும் ஏழு பேரு. மத்த தெரு தெரியல." அவள் என் கையைப் பிடித்தாள். "உங்களப் பேச வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல மேடம். செத்ததும் எம்பிள்ளையதான். ஆனா இதும் போச்சுன்னா நான் இருக்க மாட்டேன்."

பந்தல் பள்ளிக்கூட மைதானத்தில். ஆலை வேன்களில் ஆள் இறக்கியிருந்தது. பின்னால் பிரியாணிப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை. பதினோரு கூடுகளிலும் ஆலை கேமரா வைத்திருக்கிறது. திரையில் குஞ்சுகள் சிறகடித்துப் பழகுவதும், தாய் மீன் கிழித்து ஊட்டுவதும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தது. வேனில் வந்தவர்கள் கைதட்டினார்கள். ஜெனோவா முன்வரிசையில் நாற்பது பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்திக் காட்டினாள்.

என் தலைக்குள் வழி தேடிக்கொண்டிருந்தேன். கழுகை விட்டுவிட்டு நஞ்சை மட்டும் சொன்னால் என்ன? வேறு எந்தச் சோதனை அறிக்கையும் செல்லாது என்று எழுதி வைத்த புண்ணியவதி நானே. செல்லும் என்றாலும், அடுத்த கேள்வி, அப்படியானால் கழுகு எப்படிக் குஞ்சு பொரிக்கிறது என்பதுதான். கூடு தோற்றது என்று பொய் சொல்லலாமா? திரையில் குஞ்சு இறகை உதறிக்கொண்டு நிற்கிறது. எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கழுகின் உடம்பில்தான் வந்து நின்றது. அங்கிருந்து ஓர் அடி வைத்தால் சலேத்தின் வயிறு.

ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். முப்பது வயது இருக்கும். மரியாதையான பையன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

"மேடம், சலேத் அக்கா நல்லா இருக்காங்களா? தேதி நெருங்கிடுச்சுல்ல? எங்க டாக்டர் தினமும் விசாரிக்கிறார்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு முழுக்க விளங்கியது. முகாம் போட்டது இரக்கத்தால் இல்லை. பிள்ளைகள் பிழைக்க வேண்டும் என்பதாலும் இல்லை. என்றைக்காவது ஒருநாள் நான் ஒரு கூமுட்டையை அறுத்துப் பார்ப்பேன் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நாளுக்காக, இந்த ஊர்ப் பெண்களின் வயிற்றுக்குள் ஆளை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். பிணைக்கைதிகளைப் பற்றி நான் படித்திருக்கிறேன். பிறக்கும் முன்பே பிடித்து வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாட்டிலை அவன் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. அதற்காக இன்றைக்கும் என் கை கூசுகிறது.

கலெக்டர் என் பெயரைக் கூப்பிட்டார். மைக் முன்னால் போய் நின்றேன்.

"பதிவாளர் அவர்களே, விதிப்படி கேட்கிறேன். எல்லைக்குள் உள்ள கூடுகள் நலமா?"

"எனக்கு இரண்டு மாதம் அவகாசம் வேண்டும்" என்றேன். அதற்குள் சலேத்துக்குப் பிறந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

கலெக்டர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து கேட்டார். அவர் தாளைப் புரட்டினார். "உரிமம் இந்த மாதம் முடிகிறது. பதிவாளர் இன்று பதில் தராவிட்டால் கூடுகள் நலம் என்றே கொள்ளப்படும். அப்படித்தான் விதி இருக்கிறது. சொல்லுங்கள், நலமா?"

ஜெனோவா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால், முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, சலேத் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"நலம்" என்றேன்.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு வேனில் வந்தவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். ஜெனோவா எழுந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. மைக்கிலிருந்து நான் நகரும் வரை காத்திருந்தாள். என் வழியில் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகக் கேட்டாள்.

"எவ்வளவு வாங்குன?"

அத்தனை வருடமாக நீங்க, மேடம் என்று பேசியவள்.

"பேரப்பிள்ளை மேல சத்தியம் பண்ணுனியே. இன்னும் பிறக்காத பிள்ளை மேல. அதுக்கும் சேத்து எவ்வளவு தந்தான்? கழுகு விலை போவாதுன்னு சொன்ன, நீ போயிட்டியேடி!" என் காலடியில் காறித் துப்பினாள். "எம்மருமவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் உன்னையத்தான் சேரும்."

சலேத் தலையைத் தூக்கினாள். அவள் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் பயந்தேன். உட்காரு என்று கண்ணால் சொன்னேன். உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே என் பெட்டியும் தொலைநோக்கியும் தெருவில் கிடந்தன. அதே தெருவின் கடைசியில் ஒரு வீடு கிடைத்தது. பதிவாளர் ஊருக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்பதும் விதி. அதையும் நான்தான் எழுதினேன்.

பத்து வருடத்துக்கு உரிமம் கிடைத்த அடுத்த மாதம் ஆலை இரண்டாவது குழாயைப் போட்டது. ஏன் போட மாட்டார்கள்? கழுகு சாகாது. இந்த ஊர்ப் பிள்ளைகளும் இனி சாக மாட்டார்கள். ஆனால் இந்தக் கடல் மீன் ஐஸ் பெட்டியில் மதுரைக்குப் போகிறது, கோயம்புத்தூருக்குப் போகிறது. அங்கே எவரும் முகாம் போட்டு ஊசி போடவில்லை. அங்கே ஆறாம் மாதத்தில் கலைவதற்கு ரத்தசோகை என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என் வாயடைப்புக்கு விலை கொடுக்கிறவர்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஜெனோவா என் காலடியில் துப்பியது நியாயம் இல்லை என்று யார் சொன்னது?

மாற்றுயிர்ச் சட்டத்தில் "மனிதர் நீங்கலாக" என்று இரண்டு சொல் சேர்க்கச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன். இதுவரை ஐந்து முறை. என்ன காரணத்துக்காக என்று விளக்கவும் எனக் கேட்டு ஐந்து முறையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காரணத்தைச் சொன்னால் பெயர் கேட்பார்கள். அதனால்தான் இதைக் கதையாக எழுதுகிறேன். கதையைப் படித்துவிட்டு யாரும் அழிப்பு ஆணை போட மாட்டார்கள் என்று ஒரு தைரியம். அந்த இரண்டு சொல் சேர்ந்த மறுநாள் நான் எழுதுவது கதையாக இருக்காது.

ஏப்ரல் கடைசியில் சலேத்துக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று தெருவே கூடிவிட்டது. ஜெனோவா எவர்சில்வர் டப்பா நிறைய மிட்டாய் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். அவள் இத்தனை சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. ஜன்னல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு என் வாசலுக்கு வந்ததும் டப்பாவை மூடினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால், தெருவின் அந்தக் கோடியிலிருந்து பிள்ளை அழும் சத்தம் கேட்டது. நல்ல பலமான குரல்.